உருபு உதிர்ந்த மொழி: ஆங்கில வாக்கியத்தில் இடமே இலக்கணமான கதை

'நாய் மனிதனைக் கடித்தது.' மூன்று சொல். இதை ஆறு விதமாக மாற்றி அடுக்கலாம். 'மனிதனை நாய் கடித்தது', 'கடித்தது நாய் மனிதனை'... எப்படி அடுக்கினாலும் கடிபட்டவன் மனிதன்தான். அழுத்தம் கொஞ்சம் மாறும், ஒன்றிரண்டு வரிசை கவிதை மாதிரி ஒலிக்கும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'தி டாக் பிட் தி மேன்' என்பதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நாய் ஸ்டேஷனுக்குப் போய் புகார் கொடுக்க வேண்டியிருக்கும்.

என் தொழில் பாஷையில் சொன்னால், தமிழ் 'கீவேர்ட் ஆர்க்யுமென்ட்' மொழி. ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் தன் வேலை என்ன என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருகிறது. 'ஐ' ஒட்டினால் செயப்படுபொருள், 'கு' ஒட்டினால் கொடைக்கு உரியது, 'ஆல்' ஒட்டினால் கருவி. ஆங்கிலம் 'பொசிஷனல் ஆர்க்யுமென்ட்' மொழி. முதல் இடத்தில் நின்றால் எழுவாய், வினைக்குப் பிறகு நின்றால் செயப்படுபொருள். சொல்லின் மேல் ஒரு குறியும் கிடையாது, நிற்கும் இடம்தான் அடையாளம்.

தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிய எல்லாருக்கும் இந்த வித்தியாசம் உடம்பில் பட்டிருக்கும். ஆனால் பத்து வருஷம் ஆங்கில இலக்கணம் படித்த எனக்கு எந்தப் புத்தகமும் இதை முதல் பக்கத்தில் சொல்லவில்லை. நௌன், ப்ரோநௌன் வந்தது. கேஸ் வந்தது. டென்ஸ் பன்னிரண்டு வந்தது. 'இந்த மொழியில் இடம்தான் எல்லாம்' என்ற ஒரு வரி வரவே இல்லை. அது ஏன் என்று தேடப்போய் சேர்ந்த குறிப்புகள்தான் இவை. பதில் ஓராயிரம் வருஷம் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போகிறது.

முதல் ஆச்சரியம், ஆங்கிலம் பிறவியிலேயே இப்படி இல்லை. ஆல்ஃப்ரெட் அரசர் காலத்து (இறந்தது 899) ஆங்கிலத்தில் நான்கு வேற்றுமை, மூன்று பால். கல் என்பதற்கு 'ஸ்டான்'. கல்லினுடைய என்றால் 'ஸ்டானெஸ்', கல்லுக்கு என்றால் 'ஸ்டானெ', கற்கள் 'ஸ்டானஸ்', கற்களுடைய 'ஸ்டான', கற்களுக்கு 'ஸ்டானும்'. 'தி' என்ற ஒற்றைச் சொல்லே அன்று கிடையாது. எழுவாயோடு வந்தால் 'சே', செயப்படுபொருளோடு வந்தால் 'தோனெ', இப்படி வேற்றுமைக்கும் பாலுக்கும் ஏற்ப உருவம் மாறும். நாய்க்கதையை அன்றைக்குச் சொன்னால் 'சே ஹுண்ட் பாட் தோனெ மன்'. திருப்பி 'தோனெ மன் பாட் சே ஹுண்ட்' என்றாலும் நாய்தான் கடித்தது. நம்ம ஊர் வாக்கியம் மாதிரியே.

(பால் விஷயத்தில் ஒரு வேடிக்கை. மனைவி, பெண் என்ற பொருளுள்ள 'வீஃப்' அஃறிணை மாதிரி ஒரு பொதுப்பால். அதோடு 'மன்' சேர்ந்த 'வீஃப்மன்', அதாவது இன்றைய 'வுமன்', இலக்கணப்படி ஆண்பால்! சூரியன் பெண், சந்திரன் ஆண். இதெல்லாம் போய்ச் சேர்ந்ததற்கு மாணவர்கள் நன்றி சொல்லலாம்.)

இன்னொரு ஒற்றுமையைப் பார்த்தபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். நாம் 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோம். 'நான் பசிக்கிறேன்' என்பதில்லை. பழைய ஆங்கிலத்திலும் 'மே ஹியுங்ரெத்', அப்படியே 'எனக்குப் பசிக்கிறது'. தாகத்துக்கும் இதே அமைப்பு. பிடிப்பதற்கும் இதேதான்.

டென்மார்க்காரர் ஓட்டோ யெஸ்பர்சன், ஆங்கில இலக்கணத்தை ஏழு தொகுதி எழுதியவர். இந்த மாற்றத்தை விளக்க அவர் பயன்படுத்திய உதாரணம் பிரபலமானது. அரசனுக்குப் பேரிக்காய் பிடித்திருந்தது என்பதைப் பழைய ஆங்கிலத்தில் 'தாம் கியுங்கெ லீகொதன் பெரன்' என்று சொல்லலாம். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'அரசனுக்குப் பிடித்தன பேரிக்காய்கள்'. 'தாம்' என்பதும் கடைசி 'எ'-யும் நம்ம 'கு' மாதிரி. வினை பன்மையில் இருக்கிறது, ஏனென்றால் எழுவாய் பேரிக்காய்கள். அரசன் எழுவாயே இல்லை, நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறான்.

இப்போது உருபுகளை உதிர்த்துவிடுங்கள். 'தாம்' வெறும் 'தி' ஆகிறது. 'கியுங்கெ' வெறும் 'கிங்'. வினையின் பன்மை விகுதியும் தேய்கிறது. மிஞ்சுவது 'தி கிங் லைக்ட் பேர்ஸ்'. சொற்களின் வரிசை துளியும் மாறவில்லை. ஆனால் கேட்பவன் மண்டைக்குள் எல்லாம் மாறிவிட்டது. முதலில் நிற்பவன்தானே எழுவாய்? அப்படியானால் அரசன்தான் 'லைக்' செய்கிறான். அந்த வினையின் அர்த்தமே 'பிடித்தமாக இருப்பது' என்பதிலிருந்து 'விரும்புவது' என்று புரண்டுவிட்டது. பிறகு பெயருக்குப் பதில் ப்ரோநௌன் போடும்போது 'ஹிம்' வர வேண்டிய இடத்தில் 'ஹீ' வந்து உட்கார்ந்தது. யாரும் சட்டம் போடவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே வாக்கியத்தைக் கேட்டு வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

சரி, உருபுகள் ஏன் உதிர்ந்தன?

'1066-ல் நார்மன் படையெடுப்பு, பிரெஞ்சு வந்தது, ஆங்கிலம் சிதைந்தது' என்பது வழக்கமான கதை. ஆவணங்கள் இதை முழுசாக ஆதரிக்கவில்லை. இங்கிலாந்தின் வடக்கே, லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலின் லத்தீன் வரிகளுக்கு மேலே ஆல்ட்ரெட் என்ற பாதிரியார் 10-ஆம் நூற்றாண்டில் ஆங்கில உரை எழுதிவைத்தார். அதிலேயே விகுதிகள் குழம்பியிருக்கின்றன. நார்மன்கள் வருவதற்கு இன்னும் நூறு வருஷம் இருக்கிறது.

இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று உச்சரிப்பு. ஜெர்மானிய மொழிகளில் அழுத்தம் சொல்லின் முதல் அசையில் விழும், வால் தானாக மங்கும். 'அன்', 'உம்', 'ஒன்' எல்லாம் 'என்' ஆகி, பிறகு 'எ' ஆகி, கடைசியில் காற்றோடு போகும். ஆனால் ஜெர்மன், ஐஸ்லாந்து மொழிகளிலும் முதல் அசை அழுத்தம்தான். அங்கே வேற்றுமைகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஆகவே இரண்டாவது காரணத்தையும் சேர்க்க வேண்டியிருக்கிறது: வைக்கிங்குகள். 793-ல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்தவர்கள், 865-க்குப் பிறகு பெரும் படையாக வந்து, வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்துக் குடும்பமாகக் குடியேறிவிட்டார்கள். அவர்கள் பேசிய நார்ஸ் மொழியும் ஆங்கிலமும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். வேர்ச்சொல் பெரும்பாலும் ஒன்று, வால் மட்டும் வேறு. சந்தையில் மாடு பேரம் பேசும்போது வேரைச் சொன்னால் புரிகிறது, வாலைச் சொன்னால் குழப்பம். அப்போது வாலை விழுங்கிவிட்டு வரிசையை நம்புவது இயல்பு. 'தே', 'தெம்', 'தெயர்' என்ற அடிப்படைச் சொற்களே நார்ஸிலிருந்து வந்தவை. ப்ரோநௌனையே கடன் கொடுக்கும் அளவுக்கு நெருக்கம் என்றால் எத்தனை வீடுகளில் இரண்டு மொழியும் புழங்கியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அறிஞர்களிடையே இது எவ்வளவு பெரிய காரணம் என்பதில் சண்டை தீரவில்லை. என் வோட்டு 'இரண்டும் சேர்ந்து' என்பதற்கு.

அப்படியானால் நார்மன்கள் செய்தது என்ன? அவர்கள் திரையை விலக்கினார்கள் என்று சொல்லலாம். அதுவரை எழுத்தர்கள் வெஸ்ஸெக்ஸ் பகுதியின் பழைய நடையில் எழுதிக்கொண்டிருந்தார்கள், பேச்சு எப்போதோ விலகிப் போயிருந்தும். 1066-க்குப் பிறகு அரசாங்க எழுத்து லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போனது. ஆங்கிலத்துக்குக் காவல்காரன் இல்லாமல் போனான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு ஏடு இருக்கிறது. பீட்டர்பரோ மடத்தில் 1116-ல் தீவிபத்து. அதன்பின் துறவிகள் வேறிடத்திலிருந்து வருஷாந்திர வரலாற்று ஏட்டை வாங்கி 1121 வரை பழைய நடையிலேயே பிரதி எடுத்தார்கள். 1122 முதல் சொந்தமாக எழுத வேண்டியிருந்தது. நடை நழுவ ஆரம்பிக்கிறது. 1132 முதல் 1154 வரையிலான பகுதியை இன்னொரு கை எழுதியிருக்கிறது. அங்கே பால் போய்விட்டது, 'சே, தோனெ' பட்டாளம் பெரும்பாலும் ஒற்றை 'தி'-யாகச் சுருங்கிவிட்டது. ஒரே ஏட்டில், சில பக்க இடைவெளியில், ஒரு மொழியின் இலக்கணம் மாறி நிற்கிறது. அந்த ஏடு இப்போது ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தில் உள்ளது.

உருபு போனபின் வரிசை இறுகியது. 1500 வாக்கில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற அடுக்கு கிட்டத்தட்ட நிலைத்துவிட்டது. இறுகிய வரிசை இன்னொரு பிரச்சினையைக் கொண்டுவந்தது: கேள்வி கேட்பது எப்படி? நமக்குக் கடைசியில் ஒரு 'ஆ' போதும். 'வந்தான்', 'வந்தானா'. ஆங்கிலம் கேள்விக்கு இடத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். முன்பு வினையையே தூக்கி எழுவாய்க்கு முன்னால் போட்டார்கள், 'நீ அவனை அறிவாயா' என்பதற்கு 'நோ யூ ஹிம்?' என்கிற மாதிரி. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் 'டூ' என்ற அர்த்தமில்லாத ஒரு சொல் நுழைந்து, வினைக்குப் பதிலாக அது நகர ஆரம்பித்தது. வினை தன் இடத்திலேயே இருக்கலாம், முன்னால் போக ஒரு எடுபிடி கிடைத்துவிட்டான். ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்வர் எல்லெகார்ட் பழைய நூல்களை எண்ணி எண்ணி, இந்த 'டூ' எப்படி ஏறியது என்று 1953-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். கம்ப்யூட்டர் இல்லாமல் கையால் எண்ணியது! ஷேக்ஸ்பியரிடம் இரண்டு பாணியும் கலந்து கிடக்கும். 'டூ' எங்கிருந்து வந்தது என்பதில் வேல்ஸ், கார்ன்வால் பக்கத்துக் கெல்டிக் மொழிகளின் தாக்கம் என்று ஒரு கட்சி, உள்ளூர் வளர்ச்சி என்று ஒரு கட்சி. 'வாட் யூ வாண்ட்?' என்று கேட்டு வகுப்பில் திட்டு வாங்கிய பிள்ளைகள் தடுக்கி விழுந்த கல் இதுதான். தமிழில் இதற்கு இணையாக எதுவுமே இல்லை.

இதுவரை மொழி. இனி புத்தகங்கள். என் கேள்விக்கான பதில் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மொழி இப்படி வரிசைக்கு மாறி முடிந்த நேரத்தில்தான் அதற்கு இலக்கணம் எழுத ஆள் வந்தார்கள். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே அச்சான முதல் இலக்கணம் வில்லியம் புல்லோகர் 1586-ல் வெளியிட்ட சிறு நூல். அவர் கையில் இருந்த மாதிரி வில்லியம் லில்லியின் லத்தீன் இலக்கணம், பள்ளிகளில் அரச உத்தரவோடு நடந்த பாடநூல். லத்தீனில் வேற்றுமை விகுதிகள் மலை மாதிரி இருக்கும். அந்தச் சட்டையை ஆங்கிலத்துக்கு மாட்டினால்? இல்லாத வேற்றுமைக்கெல்லாம் பொத்தான் துளை இருக்கும், இருக்கிற வரிசைக்கு ஒரு பாக்கெட் கூட இருக்காது.

ஒரு சின்ன விலகல். நம் தூத்துக்குடிக் கடற்கரையில் பணிபுரிந்த போர்ச்சுக்கீசியப் பாதிரியார் என்ரிக்கே என்ரிக்கஸ் தமிழுக்கு இலக்கணம் எழுதியது சுமார் 1549. அதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதப்பட்டு நாற்பது வருஷம் ஆகப்போகும்போதுதான் ஆங்கிலத்துக்கு முதல் இலக்கணம் அச்சாகிறது. அவரும் லத்தீன் அச்சில்தான் தமிழை வார்த்தார். ஆனால் தமிழுக்கு வேற்றுமை நிஜமாகவே உண்டு. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல், வேற்றுமை மயங்கியல், விளிமரபு என்று மூன்று இயல் ஒதுக்கிய மொழி. சட்டை ஓரளவு பொருந்தியது. பொருந்தாமல் தவித்தது ஆங்கிலம்தான்.

ஜான் வாலிஸ் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். கணிதக்காரர், முடிவிலிக்கு நாம் போடும் படுத்த எட்டு குறியை 1655-ல் அறிமுகப்படுத்தியவர். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1653-ல், அந்நியர்கள் ஆங்கிலம் கற்க ஓர் இலக்கணம் எழுதினார். லத்தீன் அச்சில் ஆங்கிலத்தைத் திணிப்பது வீண் வேலை, வேற்றுமையின் வேலையை இங்கே ப்ரெபொசிஷன்கள் பார்த்துக்கொள்கின்றன என்பது அவர் வாதம். முரண் என்னவென்றால் அந்தப் புத்தகத்தை அவர் எழுதியதே லத்தீனில்! இருக்கட்டும், வெளிநாட்டுக்காரர்களுக்கு வேறு எந்த மொழியில் எழுதுவார்.

வாலிஸ் சொன்னதை யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கவிஞர் ஜான் டிரைடன், தன் ஆங்கிலம் சரியா என்று சந்தேகம் வந்தால் லத்தீனில் மொழிபெயர்த்துப் பார்ப்பேன் என்று எழுதியவர். வாக்கியக் கடைசியில் ப்ரெபொசிஷன் நிற்பது தப்பு என்று 1672-ல் பென் ஜான்சனைக் குறை சொன்னார். லத்தீனில் அப்படி நிறுத்த முடியாது, அதனால் ஆங்கிலத்திலும் கூடாதாம். 1668-ல் வந்த தன் சொந்தக் கட்டுரையின் 1684 பதிப்பில் அப்படி நின்றவற்றைத் தேடிப் பிடித்துத் திருத்தினார். உலகம் முழுக்க ஆசிரியர்கள் சிவப்பு மை செலவழித்த ஒரு விதியின் ஆரம்பம் இவ்வளவுதான்.

1762-ல் ராபர்ட் லவுத் எழுதிய இலக்கணம் இன்னும் செல்வாக்கு பெற்றது. அவரைக் கண்டிப்பான வில்லனாகக் காட்டுவது வழக்கம். நூலைப் பார்த்தால் மனிதர் அவ்வளவு மோசமில்லை. கடைசி ப்ரெபொசிஷன் நம் மொழியின் இயல்பு என்று ஒப்புக்கொள்கிறார், அப்படி ஒப்புக்கொள்ளும் வாக்கியத்தையே ப்ரெபொசிஷனில் முடிக்கிறார். அது குறும்பு என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் பெரிய எழுத்தாளர்களின் பிழைகளை அடிக்குறிப்பில் அடுக்கிக் காட்டிய முறை ஒரு மரபாகிவிட்டது: இலக்கணம் என்றால் பிழை பிடிப்பது. 1795-ல் லிண்ட்லி மரே, நியூயார்க்கில் வக்கீலாக இருந்துவிட்டு இங்கிலாந்தின் யார்க் அருகே குடியேறியவர், அங்கிருந்த ஒரு பெண்கள் பள்ளிக்காக எழுதிய இலக்கணம் இந்த மரபை அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பரப்பியது. பதிப்புக்கு மேல் பதிப்பு. அந்த வரிசையில்தான் 1935-ல் நம் ஊர் 'ரென் அண்ட் மார்ட்டின்' வருகிறது. பி.சி. ரென் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் இருந்தவர், 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதியவரும் இவரே. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது என்பார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு 'நாய் எங்கே நிற்க வேண்டும்' என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அது தாய்ப்பாலோடு வந்துவிடும். பெயர் வைக்கவும் பிழை திருத்தவும் கற்றுக்கொடுத்தால் போதும். அதே புத்தகம் நம் கைக்கு வந்தபோது, நமக்குத் தேவைப்பட்ட அந்த ஒன்று அதில் முதன்மையாக இல்லை. புத்தகத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை, அது வேறு ஒரு வாசகருக்குச் செய்த சட்டை.

வரிசையைப் பாடமாக்கியவர்கள், ஆங்கிலம் தெரியாதவர்களோடு உட்கார்ந்தவர்கள்தான். ஏ.எஸ். ஹார்ன்பி 1920-களில் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனார். ஜப்பானியமும் தமிழ் மாதிரி வினையைக் கடைசியில் வைக்கும், பெயருக்குப் பின்னால் உருபு மாதிரி ஒட்டுகள் வரும். அந்த வகுப்பில் 'கேஸ்' சொல்லிக்கொடுத்துப் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு வினைக்கும் பின்னால் என்னென்ன, எந்த வரிசையில் வரலாம் என்ற 'வெர்ப் பேட்டர்ன்' பட்டியல்தான் தேவைப்பட்டது. 'கிவ்' என்றால் ஆள், பொருள் என்று இரண்டும் வரலாம். 'எக்ஸ்ப்ளெய்ன்' என்றால் அப்படி வராது, நடுவில் 'டு' வேண்டும். 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்று நம்மில் பாதிப்பேர் சொல்வதன் சூட்சுமம் இங்கே இருக்கிறது. 1942-ல் டோக்கியோவில் அவர் குழுவின் அகராதி வந்தது, பின்னால் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் என்று நம் அலமாரிக்கு வந்தது அதுதான். 1954-ல் 25 வினை அமைப்புகளை விளக்கித் தனி நூலே போட்டார். ஒரு மொழியின் ஃபங்ஷன் சிக்னேச்சர்களை யாரோ உட்கார்ந்து முதல்முறை டாக்குமென்ட் செய்த மாதிரி.

இந்த அமைப்பு வழிப் பாடத்திட்டம் தென்னிந்தியப் பள்ளிகளுக்கும் வந்து, பலகையில் ஒரே பேட்டர்னை நாற்பது தடவை ஓதும் சடங்காகவும் மாறியது. அதில் சலித்துத்தான் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களில் ஒரு சோதனை நடத்தினார். விதியும் இல்லை, ஓதலும் இல்லை. ரயில் நேர அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து ஒரு கணக்கைத் தீர்க்கச் சொல்வது, அதற்குள் ஆங்கிலம் தானாக நடக்கட்டும் என்று விடுவது. மொழி கற்பித்தல் படிக்கிறவர்கள் உலகெங்கும் இதைப் 'பெங்களூர் ப்ராஜெக்ட்' என்று படிக்கிறார்கள். நம்மூர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அப்படி ஒரு அத்தியாயத்தில் இருக்கிறார்கள் என்பது இங்கே அநேகம் பேருக்குத் தெரியாது.

பழைய உருபுகளின் மிச்சம் இன்னும் சில இருக்கின்றன. 'ஸ்டானெஸ்' என்பதன் வால்தான் இன்றைய அபாஸ்ட்ரஃபி எஸ். ஐ-மீ, ஹீ-ஹிம் ஜோடிகள் பிழைத்திருக்கின்றன. 'ஹூம்' இழுத்துக்கொண்டிருக்கிறது, பரீட்சைத் தாளிலும் வக்கீல் நோட்டீஸிலும். 'யூ'-வுக்கும் ஒரு ஜோடி இருந்தது. எழுவாய் என்றால் 'யீ', செயப்படுபொருள் என்றால் 'யூ'. தெருவில் அது கலைந்துவிட்ட பிறகும், 1611-ல் ஜேம்ஸ் அரசர் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் அந்த வித்தியாசத்தை விடாப்பிடியாகக் காப்பாற்றினார்கள். இன்று 'யூ' ஒன்றுதான், எழுவாய்க்கும் அதுவே, செயப்படுபொருளுக்கும் அதுவே. 'ஐ லவ் யூ' என்று சொன்னால் யார் யாரை என்று யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.